வாசகர் கேள்வி–பதில்: துருக்கிக் கடற்கரையின் கோடையும் குளிரும்

துருக்கியின் ஏஜியன் கடலோரத்தையும் மத்தியதரைக் கடலோரத்தையும் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த மதுரை வட்டார வாசகர்கள் பலர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு போய்வர விரும்புகிறவர்கள்; சிலர் பிள்ளையை அங்கே வேலைக்கு அனுப்பலாமா என்று தவிப்பவர்கள்; ஒருவர் உறவினருக்காக வீடு வாங்குவது பற்றிக் கேட்டிருக்கிறார். அந்தாலியாவிலும் ஃபெத்தியேயிலும் விடுதி நிர்வாகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கடற்கரை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் ஊர், நவம்பர் முதல் மார்ச் வரை வேறோர் ஊர். விலை, வேலை, வாடகை, கடைக்காரரின் பேச்சு எல்லாமே இந்தக் கணக்கில்தான் மாறுகின்றன.

கேள்வி: எழுபதைக் கடந்த என் பெற்றோரையும் பள்ளிப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் துருக்கிக் கடற்கரைக்குப் போய்வர எண்ணியுள்ளோம். எந்த மாதம், எந்த ஊர் ஏற்றது? விசா எளிதாகக் கிடைக்குமா?
— வாசகர், கே.புதூர்

பதில்: ஐயா, நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக் காலம் உங்களுக்கு நன்றாகவே பொருந்தி வருகிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அந்தாலியாவில் பகல் வெயில் 25 பாகையை ஒட்டி இருக்கும்; சித்திரை வெயிலில் வெந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது சுகமாகவே தோன்றும். கடல் நீர் மட்டும் மே மாதத்தில் 21, 22 பாகைதான் என்பதால் பிள்ளைகள் இறங்கிய உடனே நடுங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். ஜூலை, ஆகஸ்டில் நீர் 28 பாகை வரை சூடேறும். ஆனால் அப்போது வெளியே 35 பாகையும் புழுக்கமும் கூட்டமும் விலையும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். பெற்றோருக்கு அது வேண்டாம்.

இன்னொரு செய்தியையும் பயண முகவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பக்ரீத் பண்டிகை இந்த ஆண்டுகளில் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. அந்த விடுமுறையில் இஸ்தான்புல், அங்காரா நகரவாசிகளே கடலோரத்துக்குத் திரண்டு வந்துவிடுவதால் பேருந்திலும் விடுதியிலும் இடம் கிடைப்பது அரிது. அந்த வாரத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள்.

பெற்றோரை முன்னிட்டுச் சொல்வதானால் அந்தாலியா நகரமும் அதற்குக் கிழக்கே உள்ள சீதே என்ற ஊரும் போதும். அந்தாலியாவின் கோன்யால்தி கடற்கரை முழுவதும் கூழாங்கல். வெறுங்காலில் முதியவர்களால் நடக்க முடியாது, ரப்பர் செருப்பு வேண்டும். சீதேயில் மணற்கரை, அப்போல்லோ கோயிலின் தூண்கள் கடலை ஒட்டியே நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள அஸ்பெந்தோஸ் அரங்கம் 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது. இன்றும் கூரை தவிர ஏறக்குறைய எல்லாம் முழுமையாக இருக்கின்றன. மேல் வரிசைவரை ஏறத் தேவையில்லை, கீழே உட்கார்ந்தே முழுமையாகப் பார்க்கலாம். மேற்கே காஷ், கல்கான் ஊர்கள் மிக அழகானவை என்றாலும் தெருவெல்லாம் செங்குத்தான ஏற்றம். மூட்டுவலி உள்ளவர்களை அங்கே அழைத்துப் போவது அவர்களை அறையிலேயே உட்கார வைப்பதற்குச் சமம்.

விசாவைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வதிவிட அனுமதியோ வைத்திருக்கும் இந்தியர் இணையவழி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அவை இல்லாதவர்கள் அங்கீகரிக்கப்பட்ட விண்ணப்ப மையம் வழியாக, கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசாவைப் பெற வேண்டும். அது கைக்கு வரும்வரை விமானச் சீட்டுக்குத் திரும்பப் பெற முடியாதபடி பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவக் குடும்பம். அங்கே பட்டினி கிடக்க நேருமா? அரிசி, பருப்பு கட்டிக்கொண்டு போக வேண்டுமா?
— வாசகி, வடக்கு மாசி வீதி

பதில்: பட்டினிக்கு வாய்ப்பே இல்லை அம்மா. அந்தக் கடற்கரை ஆலிவ் எண்ணெயின், கத்தரிக்காயின், பயறு வகைகளின் நாடு. காலை உணவு மேசையில் வெள்ளைப் பாலாடைக்கட்டி, கறுப்பும் பச்சையுமாக ஆலிவ் காய்கள், தக்காளி, வெள்ளரிக்காய், தேன், தயிரேடு, சூடான ரொட்டி என்று பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகள் வந்து நிறையும். அதிலேயே நண்பகல்வரை தாங்கும். ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவிட்டுப் பரிமாறும் பீன்ஸ், கத்தரி, கூனைப்பூ வகைகள் அனேகமாக எல்லா உணவகத்திலும் உண்டு. கிராமப்புறச் சாலையோரங்களில் பெண்கள் உட்கார்ந்து, மாவை மெல்லிய தாளாக விரித்து, கீரையோ உருளைக்கிழங்கோ உள்ளே வைத்து மடித்து, குவிந்த இரும்புக்கல்லில் சுட்டுத் தருவார்கள். கோஸ்லெமே என்று பெயர். கூடவே அய்ரான் என்ற உப்பு மோர். நான் மதுரையில் இருந்தும் ஏங்குகிற உணவு அதுதான்.

கவனம் வேண்டியது மூன்று இடங்களில். பருப்பு சூப்பும் சோறும் பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் சில கடைகளில் எலும்புச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள்; அதனால் ‘எத் சுயு வார் மி’ என்று கேளுங்கள், இறைச்சிச் சாறு இருக்கிறதா என்பது பொருள். வெள்ளை பீன்ஸ் குழம்பில் கறித்துண்டு கிடக்கலாம். ‘சைவம்’ என்று சொன்னதும் கோழியையோ மீனையோ காட்டும் பரிமாறுபவர்களும் உண்டு; அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அரிசி, பருப்பு மூட்டை வேண்டாம். ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் மட்டும் நன்றாகக் கட்டி, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றும் இடம் என்று கேள்விப்பட்டேன். விலையும் மிகக் கூடிவிட்டதாமே?
— வணிகர், திருமங்கலம்

பதில்: விலை கூடியது உண்மை. துருக்கியின் அதிகாரபூர்வப் பணவீக்கம் 2022 அக்டோபரில் 85 விழுக்காட்டைத் தாண்டியது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் போய்வந்தவர் சொல்லும் எந்தத் தொகையையும் நம்பித் திட்டமிட வேண்டாம். தொல்லியல் இடங்கள் பலவற்றில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் இப்போது யூரோ கணக்கில். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அதுவே பெரிய செலவு.

ஏமாற்று என்பது பெரும்பாலும் சில்லறை வகைதான். டாக்சியில் மீட்டரைப் போடச் சொல்லுங்கள். விலைப்பட்டியல் இல்லாத உணவகத்தில் உட்காராதீர்கள். பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது 2024 முதல் அங்கே சட்டம். மீன் எடைக்கு விற்கப்படுவதால் சமைப்பதற்கு முன்பே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் பணம் செலுத்தும்போது கருவி ‘ரூபாயா, லீராவா’ என்று கேட்டால் துருக்கி நாணயமான லீராவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் கை வைப்பார்கள். 2005 சனவரி 1 அன்று லீராவில் ஆறு சுழிகள் நீக்கப்பட்டன. அதற்கு முந்தைய மில்லியன் லீரா நோட்டுகள் 2015 முடிவோடு மாற்றும் தகுதியையும் இழந்துவிட்டன. அப்படிப்பட்ட நோட்டை யாராவது சில்லறையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

விமானக் கட்டணத்துக்குக்கூடக் காணாத மலிவு விலையில் ‘எட்டு நாள் அந்தாலியா’ என்று விற்கும் சுற்றுலாக்கள்தாம் உண்மையில் விலை உயர்ந்தவை. அவற்றில் நாளில் பாதி தோல் கடையிலும் கம்பளக் கடையிலும் நகைக்கடையிலும் கழியும். அங்கே தேநீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். நாம் வாங்குவதிலிருந்து வரும் தரகுதான் பயணத்தின் மீதிச் செலவை ஈடுகட்டுகிறது. வணிகரான உங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: 2025இல் நடந்தவற்றுக்குப் பிறகு இந்தியர் துருக்கிக்குப் போவது சரியா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: 2025 மே மாத இந்திய–பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதால் இந்தியர் பலர் தம் முன்பதிவுகளை ரத்து செய்தனர். அந்த மனவருத்தம் நியாயமானது. அந்தக் காரணத்துக்காகவே போக வேண்டாம் என்று முடிவெடுப்பவரை நான் மறுக்க மாட்டேன். போகத் தீர்மானித்தவர்களுக்குச் சொல்வது: முன்பதிவுக்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பாருங்கள். அங்காராவில் நம் தூதரகமும் இஸ்தான்புல்லில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. அவற்றின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு விடுதி நடத்துகிறவரும் படகோட்டுகிறவரும் நாடுகளின் சண்டையை விருந்தினர் தலையில் சுமத்தி நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் மகன் மதுரையில் கேட்டரிங் படிப்பு முடித்திருக்கிறான். அந்தாலியாவில் ஐந்து நட்சத்திர விடுதியில் வேலை இருப்பதாகவும், சுற்றுலா விசாவில் போனால் அங்கேயே வேலை அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு முகவர் சொல்கிறார். மூன்று இலட்சம் ரூபாய் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
— தாயார் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: வைக்காதீர்கள் அம்மா. இந்தக் கடிதத்துக்காகவே இந்த இதழில் மற்ற சில கேள்விகளை ஒதுக்கி வைத்தேன்.

சுற்றுலா விசாவில் நுழைந்தவர் துருக்கியில் வேலை செய்வது சட்டவிரோதம். அதை அங்கே போய் வேலை அனுமதியாக மாற்றவும் முடியாது. முறையான வழி ஒன்றுதான். வேலை தருபவர் துருக்கியின் தொழிலாளர் அமைச்சகத்தில் விண்ணப்பிப்பார். உங்கள் மகன் இந்தியாவிலுள்ள துருக்கித் தூதரகம் அல்லது துணைத் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பார். இரண்டும் சேர்ந்து ஏற்கப்பட்ட பிறகே வேலை விசாவுடன் விமானம் ஏற வேண்டும். ஒரு வெளிநாட்டவரை அமர்த்த ஐந்து துருக்கியரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல் என்பதால், எந்த விடுதியும் விளையாட்டாக இந்த அனுமதியைக் கேட்பதில்லை. அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல், மீண்டும் நுழையத் தடை என்று மூன்றும் வரும். அதுவரை செய்த வேலைக்கான கூலியைக் கேட்டுச் சண்டை போடவும் பையனுக்கு வாய் இருக்காது.

இனிப் பருவக் கணக்கைப் பாருங்கள். அந்தாலியாவின் கடலோரப் பெருவிடுதிகள் பலவும் நவம்பரில் கதவை மூடி ஏப்ரலில்தான் திறக்கின்றன. சமையலறையில் கோடையில் நூறு பேர் நின்ற இடத்தில் குளிரில் காவலாளியும் நாலு பராமரிப்பு ஆட்களும்தான் இருப்பார்கள். முகவர் ‘மாதச் சம்பளம்’ என்று சொல்வது எத்தனை மாதத்துக்கு என்பதை அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். சம்பளம் லீராவிலா, யூரோவிலா என்பதையும் கேளுங்கள். லீராவில் என்றால், ஏப்ரலில் ஒப்புக்கொண்ட தொகை அக்டோபருக்குள் ரூபாய்க் கணக்கில் இறங்கியிருக்கும். ஊழியர் விடுதியில் ஓர் அறையில் எத்தனை கட்டில், சாப்பாடு உண்டா, சமூகக் காப்பீட்டில் பெயர் பதிவார்களா, திரும்பி வரும் சீட்டு யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். துருக்கித் தொழிலாளர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை நேரம். பருவத்தின் உச்சத்தில் அது எங்கே நிற்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடியலில் ரொட்டி அடுப்பில் தொடங்கியவர் இரவு விருந்து முடிந்த பிறகும் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பார்.

முகவரைச் சோதிப்பது எளிது. அவர் நம் அரசிடம் உரிமம் பெற்றவரா என்பதை ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்; ஐயம் இருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டி வரியும்தான் உச்சவரம்பு. மூன்று இலட்சம் கேட்பதே அவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. மகன் திறமையானவர் என்றால், சென்னையிலோ வளைகுடாவிலோ ஓரிரு ஆண்டு நல்ல சமையலறையில் நின்ற அனுபவத்தோடு விண்ணப்பித்தால், அனுமதியை விடுதியே வாங்கிக் கொடுத்து அழைக்கும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: கல்லூரித் தோழியும் நானும் லிசியன் நடைபாதையில் சில நாள்கள் நடக்க விரும்புகிறோம். பெண்கள் இருவர் தனியே போவது பாதுகாப்பானதா?
— விரிவுரையாளர், திருப்பரங்குன்றம்

பதில்: தாராளமாகப் போகலாம் சகோதரி. ஃபெத்தியே அருகில் தொடங்கி அந்தாலியாப் பக்கம் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதை 1999இல் திறக்கப்பட்டது. கேட் குளோ என்ற பிரிட்டிஷ் பெண்மணியின் உழைப்பில் உருவானது. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாக இரு பட்டைகள் வழிகாட்டும். ஐரோப்பியப் பெண்கள் தனியாகவும் இருவராகவும் நடப்பது அங்கே அன்றாடக் காட்சி. முதல்முறை செல்பவர்கள் கயாகோயிலிருந்து ஒலூதெனிஸ் வரையான பகுதியில் தொடங்கலாம். கயாகோய், 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது கிரேக்கக் குடும்பங்கள் விட்டுச் சென்ற ஊர். மலைச்சரிவு முழுதும் கூரையற்ற கல்வீடுகள். அங்கிருந்து பைன் காட்டினூடே இறங்கினால் நீலக் காயல் காலடியில் விரியும்.

மனிதர்களைவிட வெயிலையும் நாய்களையும் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். ஆட்டுமந்தையைக் காக்கும் பெருநாய்கள் மந்தைக்கும் உங்களுக்கும் நடுவே நின்று குரைக்கும். ஓடாமல், மந்தையைச் சுற்றிக்கொண்டு மெல்ல விலகிப் போங்கள். 2021 ஜூலைக் கடைசியில் மானவ்காத், மர்மாரிஸ் பகுதிகளில் பெருங்காட்டுத்தீ பரவியது. கோடையில் காட்டுக்குள் நுழையத் தடை விதிப்பதும் உண்டு. ஆகவே ஏப்ரல் அல்லது அக்டோபர். எந்த அவசரத்துக்கும் 112. பாபாதாக் மலையிலிருந்து பாராகிளைடிங் பறக்கும் ஆசையும் வந்தால், உங்கள் பயணக் காப்பீடு சாகச விளையாட்டை ஏற்கிறதா என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள், பல ஏற்பதில்லை.

கேள்வி: கீழடி அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியை நான். துருக்கிக் கடலோரத்தில் ஒரே ஓர் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?
— ஆசிரியை, திருப்புவனம்

பதில்: போத்ரும் கோட்டைக்குள் இருக்கும் கடலடித் தொல்லியல் அருங்காட்சியகம், தயக்கமே இல்லாமல். 1982இல் காஷ் அருகே கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், அடியில் காதுள்ள உலோகத் துண்டுகள் கிடப்பதாகச் சொன்னார். அதுவே உலுபுருன் கப்பல்; கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. 1984 முதல் 1994 வரை மூழ்காளர்கள் அதைத் தோண்டி எடுத்தனர். சுமார் பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் அதில் இருந்தன; வெண்கலம் வார்ப்பதற்குத் தேவையான அதே பத்துக்கு ஒன்று விகிதம். நான்கு மூலையும் இழுத்துவிட்ட தோல் போன்ற வடிவிலுள்ள அந்தச் செம்புப் பாளங்கள் பச்சை படர்ந்து, கப்பலில் அடுக்கியிருந்த ஒழுங்கிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், கருங்காலி மரம் என்று ஏழெட்டு நாடுகளின் சரக்கு ஒரே படகில். பானை ஓட்டிலிருந்து வணிகத்தைப் படிக்கக் கற்ற உங்கள் மாணவர்களுக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கூடவே ஓர் எச்சரிக்கை. பழைய காசோ, ஓடோ, செதுக்கிய கல்துண்டோ எதையும் கையில் எடுத்துவராதீர்கள். தெருவில் விற்பவரிடம் வாங்கவும் வேண்டாம். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

கேள்வி: இங்கிலாந்துக் குடியுரிமை பெற்ற என் தங்கையும் மைத்துனரும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஃபெத்தியே சென்று வருகிறார்கள். ஓய்வுக்குப் பின் அங்கேயே ஒரு அடுக்கு வீடு வாங்கிக் குடியேற விரும்புகிறார்கள். நாங்களும் ஆண்டில் ஆறு மாதம் வந்து தங்கலாம் என்கிறார்கள். கோடையில் வாடகைக்கும் விடலாமாம். உங்கள் கருத்து என்ன?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கே.கே. நகர்

பதில்: ஐயா, முதலில் உங்கள் ஆறு மாதத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தியக் கடவுச்சீட்டில் இணையவழி விசா ஒரு முறைக்கு 30 நாள்தான். தங்கைக்கு வீடு இருப்பதால் மட்டும் அண்ணனுக்கு வதிவிட உரிமை வந்துவிடாது. அவர்களுக்குமே பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் 180 நாளில் 90 நாள்தான் விசா இல்லாமல் தங்க முடியும். அதற்கு மேல் வதிவிட அனுமதி வேண்டும். சொத்தைக் காட்டி அந்த அனுமதி பெற, 2023 அக்டோபர் முதல் வீட்டின் மதிப்பு குறைந்தது 2 இலட்சம் அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். குடியுரிமைக்கு 4 இலட்சம் டாலர். 2022 ஜூலை முதல், மக்கள்தொகையில் வெளிநாட்டவர் 20 விழுக்காட்டைத் தாண்டிய குடியிருப்புப் பகுதிகளில் புதிய வெளிநாட்டவரின் பதிவையே நிறுத்தினார்கள். நாடு முழுவதும் அப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகள். வாங்க நினைக்கும் பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் குடிவரவு அலுவலகத்தில் கேட்க வேண்டும், தரகரிடம் அன்று.

வாடகைக் கணக்கும் மாறிவிட்டது. 2024 சனவரி 1 முதல், சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய காலத்துக்கு வீடு விட அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குக் கட்டடத்தின் மற்ற எல்லா உரிமையாளர்களின் ஒருமித்த சம்மதமும் வேண்டும். மேல்மாடியில் ஒருவர் மறுத்தாலும் முடிந்தது. ‘வீடு தன் செலவைத் தானே சம்பாதிக்கும்’ என்று நம்பி வாங்கிய பிரிட்டிஷ் தம்பதியர் பலருக்கு இது பெரிய அடி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. உங்கள் தங்கை குடும்பம் பார்த்தது ஆகஸ்டு மாத ஃபெத்தியே. சனவரியில் அந்த ஊரை அவர்கள் பார்த்ததில்லை. மதுரையில் ஆண்டு முழுதும் பெய்வது சுமார் 850 மில்லிமீட்டர். அந்தக் கடலோரத்தில் டிசம்பர், சனவரி இரு மாதங்களிலேயே அதில் பாதியைத் தொட்டுவிடும். இரவில் ஐந்தாறு பாகைக் குளிர். வீடுகளோ கோடைக்காகக் கட்டப்பட்டவை: ஓட்டுத் தரை, மெல்லிய சுவர், சூடேற்ற ஏசியோ விறகு அடுப்போ மட்டும். இரண்டு வாரம் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தால் அலமாரிக்குப் பின்சுவரில் கறுப்புப் பூசணம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருக்கும். தோல் செருப்பும் பட்டுச் சேலையும் அதற்குத் தப்பாது. உள்ளூர்க்காரர்கள் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். வெயில் அடிக்கும் ஒவ்வொரு நாளும் மெத்தையைப் பால்கனியில் போடுவார்கள். கடற்கரை உணவகங்களில் நாற்காலிகள் அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும், படகுகள் கரையேறியிருக்கும், கோடையில் நிமிடத்துக்கு ஒன்றாக வந்த தொல்முஷ் சிற்றுந்துக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தை விரும்பியவர்கள்தாம் அங்கே நிலைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோடையில் பேச நேரமில்லாத கடைக்காரர் அப்போதுதான் பெயர் கேட்பார், வீட்டுக்கு அழைப்பார். செவ்வாய்ச் சந்தையில் ஆரஞ்சும் மாதுளையும் காட்டுக்கீரையும் குவிந்து கிடக்கும். தொல்முஷ் வண்டியில், நம் ஊர் ஷேர் ஆட்டோவைப் போலவே, பின்னால் உட்கார்ந்தவரின் காசு கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போய்ச் சில்லறையாகத் திரும்பி வரும். அந்தக் கைகளெல்லாம் சில வாரங்களில் தெரிந்த முகங்களாகிவிடும். துருக்கி மொழி பழகிக்கொண்டவர்களுக்கு இது வாய்த்தது. தங்கள் நாட்டவர் கூடும் மதுக்கடையை விட்டு வெளியே வராதவர்கள் இரண்டு மூன்று குளிர்காலங்களில் வீட்டை விற்கப் போட்டார்கள். ஆகவே வாங்குவதற்கு முன், டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு சாதாரண வாடகை வீட்டில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இழக்கும் தொகையைவிட அந்த வாடகை மிகச் சிறியது.

அதன் பிறகும் வாங்க விரும்பினால், விற்பவர் பரிந்துரைக்காத ஒரு வழக்கறிஞரைத் தாமே அமர்த்திக்கொள்ள வேண்டும். தாப்பு என்ற உரிமைப் பத்திரத்தில் அடமானம் ஏதும் ஏறியிருக்கிறதா, கட்டி முடித்த வீட்டில் குடிபுகலாம் என்பதற்கான சான்றான இஸ்கான் இருக்கிறதா, கட்டாய நிலநடுக்கக் காப்பீடான தாஸ்க் நடப்பில் இருக்கிறதா என்பதை அவர் பார்ப்பார். இது நிலநடுக்கப் பகுதி. 2020 அக்டோபரில் இஸ்மிரில் கட்டடங்கள் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1999 பெருநிலநடுக்கத்துக்குப் பிறகே கட்டட ஆய்வு விதிகள் இறுகின என்பதால் அதற்கு முந்தைய கட்டடத்தைப் பொறியாளர் பார்க்காமல் தொடக் கூடாது. பத்திர வரி, அறிவித்த விலையில் 4 விழுக்காடு. அதை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால், வங்கியில் இருந்த நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். துருக்கியிலுள்ள நிலம், வீட்டின் வாரிசுரிமை துருக்கிச் சட்டப்படியே தீர்மானிக்கப்படும். ஆதலால் அங்கேயே ஓர் உயிலும் எழுதி வைப்பது நல்லது.

கேள்வி: இந்தியாவில் வாங்கிய கைப்பேசியையும் மின்னேற்றியையும் அங்கே பயன்படுத்த முடியுமா?
— மாணவர், மேலூர்

பதில்: மின்சாரம் நம்முடையதைப் போன்றே 230 வோல்ட்டு, தம்பி, ஆனால் சுவரில் இரண்டு வட்டத் துளைகள்தாம். இரண்டு மெல்லிய முள் கொண்ட கைப்பேசி மின்னேற்றி நேரடியாகப் பொருந்தும், மூன்று முள் உள்ள மடிக்கணினிக்கு மாற்றி வேண்டும். துருக்கி சிம் போட்ட வெளிநாட்டுக் கைப்பேசி 120 நாள் வரை வேலை செய்யும். அதற்கு மேல் தங்குவோர் பெருந்தொகை கட்டிக் கருவியைப் பதிவு செய்யாவிட்டால் இணைப்பு நின்றுவிடும். விடுமுறைக்குப் போகிற உனக்கு அந்தக் கவலை வராது.